ஜெயித்துக்கொண்டிருந்த பெண்ணை நிறுத்தினேன்

போன மாதம் கடலூரில் புதிய குத்துச்சண்டை ரெஃபரிகளுக்கு முகாம் நடந்தது. தலையில் அடிபட்டவர் எப்படி நடப்பார், எப்படிப் பார்ப்பார், எப்போது போட்டியை நிறுத்த வேண்டும் என்று பெரிய திரையில் வீடியோ போட்டுக் காட்டினார்கள். நான் ரெஃபரியாக வந்த காலத்தில் முகத்தில் தண்ணீர் அடித்து, "ஒண்ணுமில்ல, போ" என்று முதுகில் தட்டி அனுப்புவதுதான் வைத்தியம். முகாம் முடிந்து டீ குடிக்கும்போது சில பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நல்லா நின்னுக்கிட்டு இருக்கிற ஆள நீங்க நிறுத்தியிருக்கீங்களா மேடம்?" என்று ஒருவன் கேட்டான். நிறுத்தியிருக்கிறேன். மைக்கைப் பிடித்து அதைப் பேச எனக்கு வராது. கடலூரில் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராகவே காலத்தை ஓட்டியவளுக்குக் கத்தத்தான் வரும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் ரெஃபரி ஆனது ஒன்றும் பெரிய கதை இல்லை. பெண்களுக்கும் குத்துச்சண்டைப் போட்டி வைக்க ஆரம்பித்தபோது, ரிங்குக்குள் நிற்கப் பெண் ஒருத்தியாவது வேண்டும் என்று மாவட்டத்தில் தேடினார்கள். "ஸ்டெல்லா டீச்சர் போனா ஆம்பளைங்களே அடங்குவாங்க" என்று எவனோ என் பெயரைக் கொடுத்துவிட்டான். பயிற்சிக்குப் போனேன், பரீட்சை எழுதினேன், வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேன்ட்டும் தைத்துக்கொண்டேன். பூசை முடிந்து வரும்போது எங்கள் கோயில் பாட்டுக் குழுவில் ஒருத்தி, "ஏண்டி, சண்டையை வெலக்கிவுடுறதுக்கா இத்தன படிப்பு?" என்று கேட்டாள். "உன் வீட்டுக்கு வந்து வெலக்குறதுக்கு இதெல்லாம் பத்தாதுடி" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

படித்தது ஒரு பக்கம். தொழிலைப் பார்த்தது ஏட்டய்யாவிடம்தான். பெயர் கலியமூர்த்தி, ஊர் புவனகிரி. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மாவட்டத்தில் எந்தப் போட்டிக்கும் அவர்தான் தலைமை ரெஃபரி. போலீஸ்காரர் என்றால் அதட்டுவார் என்று நினைக்காதீர்கள். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். அப்படிக் காதைக் கொடுக்க நேர்ந்தவர்கள் மறுபடி அந்தத் தப்பைச் செய்ததில்லை.

போட்டி நடக்கும் இடத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ரிங்கில் ஏறி, விரிப்புக்கு மேலேயே ஒவ்வொரு பலகையாகக் குதிகாலால் அழுத்திக்கொண்டு நடப்பார். எங்கேயாவது பலகை கொஞ்சம் அமுங்கினால் போச்சு. விரிப்பைத் தூக்கு, அடியில் மெத்தை நகர்ந்திருக்கிறதா பார், ஆப்பு வை, மறுபடி நடந்து பார்க்கிறேன் என்பார். வாசலில் சிறப்பு விருந்தினர் மாலையோடு காத்திருந்தாலும் அவருக்குக் கவலை கிடையாது.

"குத்து வாங்குறது அவுங்க விதி டீச்சர். விழுந்தா தலை எதுல படுதுங்கறது நம்ம வேல" என்பார்.

அப்புறம் கையுறைகள். முட்டிக்கு மேலே இருக்கும் பஞ்சு பழசானால் இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் வெறும் தோல்தான் மிஞ்சும். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, அப்படி இருப்பதைத் தனியாகத் தூக்கிப் போடுவார். கையில் சுற்றியிருக்கும் துணி, பல் கவசம், நகம், ஹேர்பின் எல்லாம் பார்க்க வேண்டும். ஒருமுறை நெய்வேலிப் பெண் ஒருத்தியின் மூக்குத்தி திருகு கழலவே இல்லை. மேலே பிளாஸ்திரி ஒட்டிவிடலாம் என்றார்கள். ஏட்டய்யா ஒத்துக்கொள்ளவில்லை. சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் வரவழைத்து, "மெதுவா டீச்சர், மெதுவா" என்று என்னைக் கழற்ற வைத்தார். அந்தப் பெண் அழுதது மூக்குத்திக்குத்தான், பிறகு வாங்கிய குத்துக்கு அழவில்லை. இடுப்பிலும் கையிலும் தாயத்து கட்டி வருகிற பிள்ளைகளிடம் அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சாமி என்கிட்ட பத்திரமா இருக்காரு, நீ போ" என்பார்.

எல்லாம் முடிந்ததும் ரிங்கில் ஏறுகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பார். "காலைல என்னா சாப்ட்ட?"

கிழவருக்குச் சாப்பாட்டு நினைப்பு ஜாஸ்தி போல என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். திருவதிகைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு பையன் தாடையில் வாங்கி உட்கார்ந்துவிட்டான். எழுந்து நின்று கையையும் தூக்கிக் காட்டினான். எட்டு வரை எண்ணி முடித்த ஏட்டய்யா, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மறுபடி கேட்டார். முதலில் இட்லி என்று சொன்னவன், இப்போது மண்டபத்து அலங்கார மேடையைப் பார்த்துவிட்டு, "இன்னும் சாப்புடல. பொண்ணு மாப்புள வந்தப்பறம் சாப்புடலாம்" என்றான். சண்டை போட வந்த இடம் அவனுக்குக் கல்யாண வீடாகத் தெரிந்திருக்கிறது. ஏட்டய்யா சிரிக்காமல் போட்டியை நிறுத்தினார். நாங்கள் சிரித்தோம், பிறகு வெட்கப்பட்டோம்.

"பேரு, ஊரு எல்லாம் மறக்காது டீச்சர், அது அடியில கெடக்கும். புதுசா நடந்ததுதான் மொதல்ல கொட்டும். பதில் மாறினா நிறுத்திடுங்க. யோசிக்காதீங்க" என்றார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி எனக்கும் பழக்கமாகிவிட்டது.

யோசிக்க வேண்டிய நாள் ஒன்று வந்தது. சிதம்பரத்தில், ஒரு உள்ளரங்கத்தில், மாவட்டத் தேர்வுப் போட்டி. ஜெயிக்கிற பெண்ணுக்கு விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும். தங்குவது, சாப்பாடு, படிப்பு, நல்ல பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிச்சாவரம் பக்கத்து மீனவக் கிராமத்திலிருந்து வந்த ரஞ்சனி அதற்காகவே ஏறினாள். பயிற்சி கொடுத்தது அவளுடைய தாய்மாமன் ஏழுமலை. ஆட்டோ ஓட்டுகிறவர், வாலிபத்தில் தானும் குத்துச்சண்டை ஆடியவர். மணலில் ஓடவிட்டு, தென்னை மரத்தில் மூட்டை கட்டிக் குத்தவிட்டு வளர்த்த பெண். அவளுடைய கால் நகர்வைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் ஏழுமலை ஒரு கணக்குப் போட்டிருந்தார். ரஞ்சனியின் சொந்த எடைப் பிரிவில் ஆட்கள் அதிகம், கெட்டிக்காரிகள். கீழே இருந்த எடைப் பிரிவில் கடலூர்ப் பெண் ஒருத்தியைத் தவிர ஆளே இல்லை. அங்கே இறக்கிவிட்டால் நேராக இறுதிப் போட்டிதான். எடையைக் குறைக்க என்ன வழி? நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த வழிதான். வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடுவது, தண்ணீரை நிறுத்துவது, புளி மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு எச்சிலைத் துப்பிக்கொண்டே இருப்பது. காலையில் எடை பார்க்கும்போது முள் சரியாக நின்றுவிட்டால் ஜெயித்த மாதிரி துள்ளுவார்கள். உடம்பு காய்ந்து போனவளின் தலை குத்து தாங்காது என்பது அப்போது யார் நினைப்பிலும் வராது.

எடை பார்த்து முடித்ததும் ஏழுமலை பூரி பார்சல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மதியத்துக்கு முன்னால் அவள் ரிங்கில் ஏறினாள். அன்று ரெஃபரி நான். மாமன் பக்கத்தில் நிற்க, கையுறையைப் பார்த்தேன், வாயைத் திறக்கச் சொன்னேன்.

"காலைல என்னா சாப்ட்ட?"

"பூரி டீச்சர். ஃபுல்லா சாப்ட்டேன்."

எதிரே அந்தக் கடலூர்ப் பெண். முதல் ரவுண்டு முழுக்க ரஞ்சனியுடையது. இரண்டாவதும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ரவுண்டு முடியப்போகும் சமயத்தில் கடலூர்ப் பெண்ணின் இடது கை சுற்றி வந்து ரஞ்சனியின் காதோரத்தில் இறங்கியது. தலைக்கவசம் போட்டிருந்தாளே என்பீர்கள். கவசம் புருவம் கிழியாமல் காக்கும். தேங்காய்க்கு வெளியே எவ்வளவு நார் இருந்தாலும் ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பத்தானே செய்யும். ரஞ்சனி விழவில்லை. ஒரு காலை மட்டும் இல்லாத படியில் வைப்பதுபோல வைத்தாள். விழாவிட்டாலும் அடி பலமாகப் பட்டால் எட்டு வரை எண்ண வேண்டும், நான் நடுவில் போய் நின்று எண்ண ஆரம்பித்தேன். எட்டு சொல்லும்போது கைகளைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தாள். கூட்டம் கைதட்டியது.

"ரஞ்சனி, காலைல என்னா சாப்ட்ட?"

"ஒண்ணும் சாப்புடல டீச்சர். பூரி எறங்கல, தூக்கிப் போட்டுட்டேன். நேத்துலேருந்து ஒண்ணும் சாப்புடல."

பல் கவசத்துக்குள்ளிருந்து அவ்வளவு தெளிவாக வந்தது. பதில் மாறினால் நிறுத்து என்பது பாடம். ஆனால் இது உளறல் இல்லையே, அவள் உண்மையைச் சொல்கிறாளே. உண்மை சொல்கிற பிள்ளைக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? சரி, ஆடு என்று விட்டுவிடலாம். ஜெயித்துவிடுவாள், விடுதிக்குப் போய்விடுவாள்.

அப்போதுதான் அவள் மூலையில் நின்ற ஏழுமலையின் முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்தபடி நின்றார். அந்த மாமனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதானே அவள் பொய் சொன்னாள்? புத்தி நிதானமாக இருந்தால் அந்தப் பொய்யை இங்கே, இந்த நேரத்தில், அவர் காது கேட்க விட்டிருப்பாளா? ஜெயிக்கப் போகிறவள் கடைசிவரை பூரி என்றுதான் சாதிப்பாள். நான் கைகளை வீசிப் போட்டியை நிறுத்தினேன்.

நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. ஏழுமலை கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

"என்னா டீச்சர் இது. புள்ள நிக்குது, பேசுது, ஜெயிச்சிக்கிட்டு இருக்குது. உண்மையச் சொன்னதுக்கா நிறுத்துவீங்க? உங்க ஊருப் புள்ளைக்கு சீட்டு வோணும்னா நேரா சொல்லிட்டுப் போங்களேன்."

கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. "மாடுகூட நின்னுக்கிட்டே தூங்கும்யா. எறங்கு கீழ" என்றேன். அது டீச்சர் பேசுகிற பேச்சு இல்லைதான். வந்துவிட்டது.

ஏட்டய்யா எழுந்து வந்தார். யாரையும் அதட்டவில்லை, என்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை ரிங்கின் மூலையில் போட்டு, ரஞ்சனியை உட்காரவைத்து, தலைக்கவசத்தின் வாரைத் தானே அவிழ்த்தார். பணியில் இருந்த டாக்டர் இளம் பெண். முழங்காலிட்டு அவள் கண்ணில் டார்ச் அடித்தார்.

ரஞ்சனி தலையைத் திருப்பி, தன் போட்டி இன்னும் நடக்கவேயில்லை என்பதுபோல, "மாமா, என் பவுட்டு எப்ப?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிபோச்சுமா" என்றார் ஏழுமலை, என்னை முறைத்துக்கொண்டே.

அவள் சரி என்று தலையாட்டினாள். டாக்டர் விரலை இப்படியும் அப்படியும் நகர்த்திக் காட்டினார். அது முடிவதற்குள் ரஞ்சனி மறுபடியும், "மாமா, என் பவுட்டு எப்ப? கூப்ட்டாங்களா?" என்றாள்.

ஏழுமலை கயிற்றை விட்டுவிட்டார். ரிங்கிலேயே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டார். "படுக்க வெச்சுக் கொண்டு போகணும், இப்பவே" என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இந்தச் செய்தி வந்ததும் அரங்கத்தில் பேச்சு எப்படி மாறியது தெரியுமா? "ஒண்ணுமே இல்லியாம், வீணா ஒரு புள்ளயோட வாழ்க்கையக் கெடுத்துட்டாங்க" என்றார்கள். அந்த டாக்டர்தான் எனக்கு விளக்கினார். ஸ்கேன் பார்ப்பது ரத்தக் கசிவு இருக்கிறதா என்றுதான், மூளை குலுங்கியது அதில் தெரியாது. அதே நாளில் இன்னொரு குத்து விழுந்திருந்தால் ஸ்கேனில் தெரிகிற மாதிரி ஆகியிருக்கலாம், ஆகாமலும் போயிருக்கலாம் என்றார். ஆகியிருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ரெஃபரியாக இருக்கிறவர்கள் இந்தத் தெரியாமையோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

ரஞ்சனியின் அறையில் ஜன்னலுக்குத் துணி கட்டி, விளக்கை அணைத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டால் தலை தெறிக்கிறது என்றாளாம். இருட்டில் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நான் ஜெயிச்சிக்கிட்டு இருந்தேன் டீச்சர்."

"ஆமாம்மா. ஜெயிச்சிக்கிட்டுதான் இருந்த."

"அப்பறம் எதுக்கு நிறுத்துனீங்க? எனக்கு அந்த ஹாஸ்டல் எவ்ளோ முக்கியம்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போங்க டீச்சர்" என்றாள். போய்விட்டேன். அவள் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது. அதைச் சமாதானப்படுத்தி எடுத்துக்கொண்டு போக எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

வெளியே பெஞ்சில் ஏழுமலையும் ஏட்டய்யாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தண்ணி குடிக்காதன்னு நான்தான் சொன்னேன் அய்யா" என்றார் ஏழுமலை. "கீழ் வெயிட்டுல ஆளே இல்ல. சுலுவா ஜெயிச்சிடும்னு நெனச்சேன்."

ஏட்டய்யாவின் குரல் இறங்கியது. நானும் குனிந்துதான் கேட்டேன். "ஆள் இல்லாத எடமாப் பாத்து எறக்கின, சரி. அங்க உன் புள்ளயும் முழுசா இல்லியேப்பா."

ஏழுமலை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். விடுதியில் இடம் கடலூர்ப் பெண்ணுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு ரஞ்சனியை நான் பார்க்கவில்லை. ஒரு மாதம் ஏழுமலை அவளைக் கையுறையைத் தொடவிடவில்லை என்று கேள்விப்பட்டேன். தலைவலி முழுதாக நின்று, டாக்டர் சரி என்ற பிறகுதான் மணலில் நடக்கவிட்டாராம், பிறகு ஓட, பிறகு மூட்டையைக் குத்த. மழைக்கோட்டை ஏழுமலை ஆட்டோவில் மழைக்கு மட்டும் வைத்துக்கொண்டாராம். இதெல்லாம் சொன்னது ஏட்டய்யா. புவனகிரியிலிருந்து பஸ் பிடித்துப் போய் அவ்வப்போது பார்த்துவிட்டு வந்திருக்கிறார், எங்களுக்கெல்லாம் சொல்லாமல்.

அடுத்த வருடத் தேர்வு கடலூரில். ஏட்டய்யாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை, தலைமை நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள். எடை பார்க்கும் இடத்தில் ரஞ்சனி நின்றாள். கன்னத்தில் சதை போட்டிருந்தாள். கையில் தண்ணீர் பாட்டில். தன் சொந்த எடையில், கெட்டிக்காரிகள் கூட்டத்தில் பெயர் கொடுத்திருந்தாள். எனக்கு வணக்கம் சொன்னாள், சிரிக்கவில்லை.

இரண்டு போட்டி ஜெயித்து இறுதிக்கு வந்தாள். எதிரே விருத்தாசலத்துப் பெண், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவள். ரெஃபரி சதீஷ், நல்ல பையன், சுறுசுறுப்பு. மூன்றாவது ரவுண்டு வரைக்கும் யார் முன்னால் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அந்த விடுதி இடம் இந்த முறையும் யாருக்கு வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்தது.

அப்போது ரஞ்சனியின் வலது கை நேராகப் போய் நெற்றியில் விழுந்தது. விருத்தாசலத்துப் பெண் விழவில்லை. இரண்டு அடி பின்னால் போய் மறுபடி முன்னால் வந்தாள். சதீஷ் அவள் முதுகுப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான், முகம் அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தது ரஞ்சனி ஒருத்திதான்.

"போடு, போடு" என்று கூட்டம் கத்தியது. இன்னும் ஒரு குத்து விட்டால் முடிந்தது.

ரஞ்சனி பின்னால் நகர்ந்தாள். கைகளைக் கீழே இறக்கினாள். மூலையிலிருந்த ஏழுமலை, "கையத் தூக்கு புள்ள" என்று அலறினார். எதிரே இருந்தவள் ஓங்கிய கையோடு வந்துகொண்டிருக்கிறாள். கட்டளை இல்லாமல் ஆட்டத்தை விடக் கூடாது, ரிங்கில் பேசக் கூடாது, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"சார், இந்தப் பக்கம் வந்து அக்காவப் பாருங்க" என்றாள். "என்னப் பாக்குறாங்க சார், ஆனா நான் அவுங்களுக்குத் தெரியல."

சதீஷ் சுற்றி ஓடிவந்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். ஒரு கேள்வி கேட்டான். பதிலுக்குக் காத்திருந்தவன், பிறகு இரண்டு கைகளையும் வீசினான்.

டாக்டர் வருவதற்குள் அவளை மூலை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். முடிவை அறிவிக்க இரண்டு பேரும் ரிங்கின் நடுவில் நிற்க வேண்டும், ஜெயித்தவளின் கையை ரெஃபரி உயர்த்த வேண்டும். சதீஷ் கூப்பிட்டான், ரஞ்சனி வரவில்லை. அவள் அந்த ஸ்டூலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ரிங்குக்கு மேலே எரிந்த விளக்குகள் அந்தப் பெண்ணின் கண்ணில் விழாமல் இரண்டு கையுறைகளையும் சேர்த்து நிழல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரஞ்சனி, வாம்மா, உன் கையத் தூக்கணும்" என்றான் சதீஷ்.

"கை வேலையா இருக்குது சார். அப்படியே சொல்லிடுங்க" என்றாள்.

நான் மைக்கை வாங்கி, ரஞ்சனி ஜெயித்தாள் என்று அப்படியே சொன்னேன்.